எமில்டா வண்டியில் இரண்டு ஓட்டை

பாஸ்கலுக்குப் பொறாமை வந்த கதையை எழுத எனக்குத் தகுதி இருக்கிறது. என்னைவிட மூன்று வருடம் இளையவள் தலைமை ஆசிரியை நாற்காலியில் போய் உட்கார்ந்த அன்று, பல்லெல்லாம் தெரிய வாழ்த்துச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் படுத்தவள் நான். பொறாமைப் பாடத்தை எனக்கு யாரும் புதிதாக எடுக்க வேண்டாம்.

என் பேர் ஈவாஞ்சலின். ஊர் நாசரேத். தூத்துக்குடியில் கணக்கு டீச்சர், மட்டக்கடையில் வாடகை வீடு. பதினோரு வருடமாகப் பள்ளிக்கூடத்துக்குப் பாஸ்கலின் ஷேர் ஆட்டோவில்தான் போகிறேன். திரேஸ்புரத்தில் கிளம்பி, மட்டக்கடை வழியாகப் பழைய பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்புகிற டீசல் வண்டி. உட்கார இடம் வேண்டும் என்று நான் திரேஸ்புரம் ஸ்டாண்டுக்கே போய் ஏறிக்கொள்வேன். முன்கண்ணாடியில் ‘பனிமயத் தாய்’ என்று எழுதியிருக்கும். பின்பக்கம் போகிற புகையைப் பார்த்தால் தாய்க்கே இருமல் வரும். வெள்ளைச் சேலை கட்டுகிற நாட்களில் மட்டும் நான் நடந்து போவேன்.

பாஸ்கலுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் மனைவி தெக்லா மீன்காரி. விடிந்ததும் கடற்கரையில் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, கூடையோடு புருஷன் வண்டியில் ஏறி மார்க்கெட்டுக்குப் போவாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இடது மூலை அவளுக்கு. பத்தொன்பது வருடமாக அந்த மூலையில் வேறு யாரும் உட்கார்ந்ததாகக் கேட்டதில்லை, நான் ஏறிய பதினோரு வருடத்தில் பார்த்ததுமில்லை. பாஸ்கல் வண்டி ஓட்டும்போது பின்னால் திரும்பித் திரும்பிப் பேசுவார். தெக்லா அவர் தோளில் ஒன்று போட்டு, “முன்னால பாத்து ஓட்டுங்க, எங்களுக்கு இன்னும் மோட்சத்துக்கு நாள் வரல” என்பாள். தினமும் இதே அடி, இதே பேச்சு. ஒருநாள் அது இல்லாவிட்டால் பாஸ்கலுக்கு வண்டி ஸ்டார்ட் ஆகாது என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

மீன் கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டும். உப்பும் மீன் ரத்தமும் கலந்த தண்ணீர் அது. தரைத் தகரத்தை அரித்துவிடும், நாற்றமும் போகாது. அதனால் மற்ற ஆட்டோக்காரர்கள் மீன்காரிகளைக் கண்டால் வேறெங்கோ பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். பாஸ்கல் மட்டும் தன் வண்டித் தரையில் இரண்டு ஓட்டை போட்டு, சுற்றிலும் தகரம் அடித்து, தண்ணீர் ரோட்டில் வடிய வழி செய்திருந்தார். அந்த ஓட்டை போட்ட நாளில் தெக்லாதான் சாக்கு விரித்து வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தாளாம். “இங்கன வயர் ஓடுது, ரெண்டு விரக்கடை தள்ளிப் போடுங்க” என்று அவள் கீழேயிருந்து சொல்ல, இவர் மேலேயிருந்து துளைத்தாராம். திரேஸ்புரத்து மீன்காரிகள் அத்தனை பேருக்கும் அந்த ஒரு வண்டிதான் வண்டி. பாஸ்கல் அதில் ஒரு ராஜா.

போன வருடம் எமில்டா பேட்டரி ஆட்டோ கொண்டுவந்தாள்.

எமில்டா இறால் கம்பெனியில் தலை கிள்ளிக்கொண்டிருந்தவள், முப்பத்தைந்து வயது. மகளிர் குழு மூலமாக லைசென்ஸ் எடுத்து, வண்டியும் எடுத்து, ஒரு திங்கட்கிழமை காலையில் ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். புகை கிடையாது, சத்தம் கிடையாது. வண்டி வந்ததே தெரியாமல் ரோட்டில் படுத்திருந்த நாய் அப்படியே படுத்திருந்தது.

“இது வண்டியா, மிக்ஸியா?” என்றார் பாஸ்கல். எல்லோரும் சிரித்தோம், எமில்டாவும் சிரித்தாள்.

மறுநாள், “மழையில நனைஞ்சா கரண்டு அடிக்கும்” என்றார். மழை பெய்தது, யாரையும் அடிக்கவில்லை. “மேம்பாலத்துல ஆள் இறங்கித்தான் தள்ளணும்” என்றார். எமில்டா நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, பாலத்தில் இவரையே முந்திக்கொண்டு போனாள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சார்ஜ் போட ஒரு கம்பம் நட்டபோது, “வண்டிக்குப் பால் குடிக்கிற நேரமாக்கும்” என்று நக்கலடித்தார். அந்த நக்கலுக்கு நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அதற்குள் நாங்களும் ஒன்றிரண்டு தடவை அதில் ஏறி, புகை படாத சேலையோடு இறங்கியிருந்தோம். எனக்கு வாரத்தில் ஏழு நாளும் வெள்ளைச் சேலை கட்டலாம் போலிருந்தது.

ஆனால் இவ்வளவும் பாஸ்கலை லேசாகத்தான் சுட்டது. அவரைப் பொசுக்கியது வேறு.

தெக்லாவுக்கு இடுப்பு எலும்பில் தேய்மானம். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, குலுக்கல் ஆகவே ஆகாது என்று சொல்லிவிட்டார். பாஸ்கல் வண்டியில் குலுக்கலைத் தவிர வேறென்ன இருக்கிறது? ஒருநாள் பாஸ்கல் டயர் மாட்டிக்கொண்டிருந்தபோது, நேரமாகிறது என்று தெக்லா எமில்டா வண்டியில் ஏறிப் போனாள். சாயங்காலம் வந்து, புருஷனிடம் வெள்ளந்தியாகச் சொன்னாள்: “தொட்டில்ல போட்டுக் கொண்டுபோன மாதிரி இருந்துச்சுங்க. வலியே தெரியல.”

அடுத்த நாளும் அவள் எமில்டா வண்டியில்தான் ஏறினாள். அதற்கு அடுத்த நாளும்.

வேறு எதற்காவது என்றால் பாஸ்கல் சண்டை போட்டிருப்பார். பெண்டாட்டி இடுப்பு வலி இல்லாமல் போகிறாள் என்று யாரோடு சண்டை போடுவது? அந்த மூலை சீட்டுக்கு மட்டும் ஆறு அங்குல ஸ்பாஞ்சு வாங்கித் தைத்தார். பின்சக்கரத்துக்குப் புது ஷாக் அப்சார்பர் மாட்டினார். பள்ளம் வந்தால் பிரசவ வலிக்காரியை ஏற்றியவர் மாதிரி ஊர்ந்தார். எனக்கு இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக் காலைப் பிரேயர் தப்பியது. ஒருநாள் தெக்லாவைக் கெஞ்சிக் கூட்டிவந்து உட்கார வைத்தார். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். “பரவாயில்ல” என்றாள். மறுநாள் எமில்டா வண்டிக்குப் போய்விட்டாள்.

“பரவாயில்லன்னு சொல்லுதா டீச்சர், பாத்தியளா?” என்றார் என்னிடம். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். என் தலைமை ஆசிரியைக்கு நான் பூங்கொத்துக் கொடுத்தபோது எடுத்த போட்டோவில் என் முகம் அப்படித்தான் இருக்கும்.

தெக்லா போன இடத்துக்கு மற்ற மீன்காரிகளும் போனார்கள். எமில்டா வண்டியின் தரையில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. அவள் நேராகப் பாஸ்கலிடம் வந்தாள்.

“அண்ணாச்சி, உங்க வண்டியில போட்ட மாதிரி எனக்கும் ரெண்டு ஓட்டை போட்டுத் தாங்களேன். உங்களுக்குத்தான் தெரியும்.”

அன்று நடந்ததைப் பின்னால் அவர் வாயாலேயே கேட்டேன். ஆனால் சொல்ல வேண்டிய இடம் இதுதான். ட்ரில் மெஷினை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறார். தரைக்கு நேர் கீழே ஆரஞ்சு நிறத்தில் பெருவிரல் தடிமனுக்கு வயர், நடுவில் அது சேருகிற கனெக்டர். உப்புத் தண்ணீர் அதில் சொட்டினால் என்ன ஆகும் என்று திரேஸ்புரத்தில் பிறந்தவருக்குச் சொல்லித்தர வேண்டாம். ஜன்னல் கம்பியே மூன்று வருடம் தாங்காத ஊர். பார்த்தார். எழுந்தார். மேலே வந்து அளவு வைத்து, அந்தக் கனெக்டருக்கு நேராக முதல் ஓட்டையைப் போட்டார்.

“ரெண்டாவது ஓட்டையை?” என்று கேட்டேன்.

“அதை ஒழுங்காத்தான் போட்டேன் டீச்சர். ஒண்ணு போதும்னு தோணிச்சு.”

எமில்டா அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தாளாம். அதையும் தின்றிருக்கிறார்.

ஆறு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை. நானும் இன்னும் இரண்டு பேரும் பாஸ்கல் வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். மட்டக்கடை தாண்டியதும் நடுரோட்டில் எமில்டா வண்டி நின்றது. விளக்குக்கூட எரியவில்லை. பின்னால் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எமில்டா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தெக்லாவும் இன்னொரு மீன்காரியும்.

இன்னொருத்தி கூடையோடு எங்கள் வண்டிக்கு வந்துவிட்டாள். பாஸ்கல் இறங்கிப் போய், “வா தெக்லா, நம்ம வண்டியில ஏறு” என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை.

தெக்லா நகரவில்லை. “இந்த வண்டி ஓடாட்டாலும் குலுங்காதுல்லா. நான் இதுலயே இருக்கேன். நீங்க பின்னால இருந்து தள்ளுங்க.”

எங்கள் ஊரில் ஆட்டோ நின்றுபோனால் கயிறு தேட மாட்டார்கள். பின்னால் வருகிற ஆட்டோக்காரர் தன் வண்டியை ஓட்டியபடியே ஒரு காலை நீட்டி, முன்வண்டியின் பம்பரில் வைத்து உந்திக்கொண்டு போவார். எதிரியாக இருந்தாலும் அதற்கு மாட்டேன் என்று சொல்லக் கூடாது, அது ஸ்டாண்டு வழக்கம். பாஸ்கல் காலை நீட்டினார். டீசல் வண்டி உறுமியது. முன்னால் பேட்டரி வண்டி சத்தமில்லாமல் உருண்டது. அதன் பின்கண்ணாடி வழியாகத் தெரிந்த தெக்லாவின் கொண்டை அசையாமல் இருந்தது. தெரிந்தவர்கள் எல்லாம் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். தான் கெடுத்த வண்டியை, தன் பெண்டாட்டியோடு சேர்த்து, ஊர் பார்க்கத் தன் காலாலேயே தள்ளிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் போனார் மனுஷன்.

சர்வீஸ் கடையில் மாரிராஜ் என்கிற மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் பார்த்தான். கனெக்டர் முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்து, கை வைத்ததும் பொடியாக உதிர்ந்தது.

“இதுல யாரு ஓட்டை போட்டது?”

“நான்தான் போடச் சொன்னேன்” என்றாள் எமில்டா.

“யாருட்ட?”

எமில்டா பாஸ்கல் பக்கம் பார்க்கவே இல்லை. “யாருட்டயோ. விடுங்க, சரி பண்ணுங்க.”

தெக்லா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்து, மெள்ளக் குனிந்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியும் எனக்கு நகர மனம் வரவில்லை. அவள் அடியில் நெடுநேரம் பார்த்தாள். ஒரு ஓட்டையைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள். பிறகு கம்பியைப் பிடித்து நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

“ரெண்டு விரக்கடை தள்ளிப் போட்டிருக்கலாம்லா” என்றாள். அவ்வளவுதான்.

வண்டி சரியாக ஆறு நாள் ஆகும் என்றான் மாரிராஜ்.

அந்த ஆறு நாளும் தெக்லா யார் வண்டியிலும் ஏறவில்லை. இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டி, கூடையைத் தலையில் வைத்து, திரேஸ்புரத்திலிருந்து மார்க்கெட்டுக்கு நடந்தாள். பத்தடிக்கு ஒருதரம் நிற்பாள், மறுபடி நடப்பாள். பாஸ்கல் அவளுக்குப் பின்னால் வண்டியை ஊர விட்டுக்கொண்டே வந்தார். சவாரி ஏற்றவில்லை. முதல் நாள் “ஏறு தெக்லா” என்றார். இரண்டாம் நாள் “கூடையையாவது வையேன்” என்றார். மூன்றாம் நாள் முதல் ஹாரன்கூட அடிக்காமல் பின்னால் வந்தார். பேட்டரி வண்டியில் போனபோது பெண்டாட்டியின் முதுகாவது பின்கண்ணாடியில் தெரிந்தது. இப்போது முழு ஆளும் கண்முன்னால் நடக்கிறாள், தன்னுடையவளாக இல்லை.

நான்காம் நாள்தான், சவாரி ஏற்றாத அந்த வண்டியில் நான் மட்டும் கேட்காமலே ஏறி ஓரமாக உட்கார்ந்திருந்தபோது, ஓட்டை போட்ட கதையைச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கிறவரை முன்னால் நடக்கிற தெக்லாவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எங்க சபையில பாவசங்கீர்த்தனம் கிடையாதே அண்ணாச்சி. நீங்க சாமியார்ட்டதானே சொல்லணும்?”

“சாமியார்ட்டச் சொன்னா மன்னிச்சிருவாரு” என்றார்.

“எமில்டாட்ட?”

“நேத்துச் சொல்லிட்டேன். தெரியும் அண்ணாச்சின்னு சொல்லிட்டுப் போயிட்டா. நாலு வார்த்தை ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

ஏழாம் நாள் காலை எமில்டா வண்டி ஸ்டாண்டுக்கு வந்தது. புதுக் கனெக்டர் போட்டு, பழைய ஓட்டையை அடைத்திருந்தார்கள். வேறு இடத்தில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தது. அதைப் போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. பாஸ்கலின் விரலில் தகரம் கீறிய காயம் இருந்தது.

அன்று வரிசையில் முதல் வண்டி பாஸ்கலுடையது. முதல் வண்டியில்தான் முதல் சவாரி ஏற வேண்டும் என்று ஸ்டாண்டில் சட்டம் போட்டவரே அவர்தான். தெக்லா கூடையோடு வருவதைப் பார்த்ததும் தன் வண்டியை வரிசையிலிருந்து வெளியே எடுத்தார். எமில்டாவைக் கைகாட்டி முன்னால் வரச் சொன்னார். கூடையைத் தெக்லாவின் தலையிலிருந்து இறக்கி, எமில்டா வண்டியில் ஓட்டைக்கு நேராக வைத்தார். “ஏறு” என்றார்.

தெக்லா ஏறினாள்.

பாஸ்கல் திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் அவர் வண்டியில் இருந்தேன், அவர் எமில்டா வண்டிக்குப் பின்னாலேயே ஓட்டினார். திரேஸ்புரம் ரோட்டில் பெரிய பள்ளம் ஒன்று வரும். முன்வண்டி அதில் இறங்கி ஏறியது. தெக்லாவின் தலை ஆடவில்லை. அடுத்த நொடி எங்கள் வண்டி அதே பள்ளத்தில் விழுந்து, என் தலை கம்பியில் இடித்தது.

“பாத்தியளா டீச்சர்?” என்று பாஸ்கல் பின்னால் திரும்பினார். வயிறெரிந்து சொல்கிறார் என்பது முகத்தில் அப்படியே இருந்தது. “என் வண்டின்னா இந்நேரம் ‘மாதாவே’ன்னு கத்தியிருப்பா. அங்கன பாருங்க, ஒரு அசைவு இல்ல.”

சொல்லிவிட்டு, திரும்பியபடியே சற்று நேரம் இருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அவர் தோளில் அடிக்க அந்த மூலை சீட்டில் யாரும் இல்லை.