பத்து மணிக் காப்பியும் ஒரு துணியும்

2014 நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகால் மணி. அறுவைச் சிகிச்சையைப் பாதுகாப்பாக்க அடுத்து எவற்றை ஆராய வேண்டும் என்று முடிவுசெய்ய, வட சுவீடனின் ஒரு மருத்துவமனையில் குழு முதன்முறையாகக் கூடியது. மருத்துவர்கள், செவிலியர், சிகிச்சை பெற்று மீண்டவர்கள் என இருபது பேர். ஆளுக்கு மூன்று சிவப்பு ஒட்டு வில்லைகள், அவையே ஓட்டு. அறுவை அரங்கில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பணியாற்றிய செவிலியர் ஹில்லேவி, தம் கேள்வியை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார்: ‘அறுவைக்கு நடுவே செவிலியர் காப்பிக்காக ஆள் மாறும்போது எந்தத் தகவல் தவறிப்போகிறது?’

சக செவிலியர் மைவோர் முகம் சுளித்தார்.

“ஏன் ஹில்லேவி, வேற கேள்வியே கிடைக்கலையா? நமக்குன்னு இருக்கிறது ஒரு பத்து மணிக் காப்பி. அதுக்கும் உலை வைக்கப் போறியா?”

“காப்பியை யாரும் பிடுங்கப் போறதில்ல. ஆள் மாறுற அந்த ரெண்டு நிமிஷத்தைத்தான் கேக்குறேன்.”

“அதுக்காக நம்ம தப்பை நம்ம வாயாலயே சொல்லணுமா?”

சொல்லத்தான் எழுந்தார் ஹில்லேவி. நான்கு ஆண்டுகளுக்கு முன் காப்பி குடித்துத் திரும்பியவரிடம், இரத்தம் ஒற்றும் துணிகளின் எண்ணிக்கை சரி என்றார்கள், நம்பினார். ஒரு துணி நோயாளியின் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. மறு அறுவையில் அவர் பிழைத்தார். அறிக்கையில் ஹில்லேவியின் பெயர் மட்டுமே ஏறியது.

“யார் மேலயும் பழி போட வரல. எங்க தவறுச்சுன்னு எனக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சாகணும்.”

புதிய அறுவை இயந்திரம் பற்றிய கேள்வியை முன்வைத்திருந்த மருத்துவர் தூரே எழுந்தார்.

“அன்னிக்கு அறுவை செஞ்சது நான்தான். எண்ணிட்டு இருந்தவங்களைச் ‘சட்டுனு முடிங்க’ன்னு விரட்டினேன். அதை அறிக்கையில எழுதல.”

சொல்லிவிட்டுத் தம் மூன்று வில்லைகளையும் ஹில்லேவியின் அட்டையில் ஒட்டினார். மைவோரும் எழுந்துபோய் ஒன்றை ஒட்டினார். “காப்பி போச்சுன்னா தினமும் உன் வீட்டு வாசல்லதான் நிப்பேன்.”

அறுபது வில்லைகளில் முப்பத்தொன்று. இயந்திரம் நான்காம் இடத்துக்குப் போக, செவிலியரின் கேள்வி முதலிடத்தில் நின்றது.

மூன்று ஆண்டுகள் செவிலியரே முன்னின்று ஆராய்ந்தார்கள். இன்று அந்த அரங்குகளில் ஆள் மாறும் நேரத்தில் மருத்துவரின் கையும் நிற்கிறது. போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து உரக்க எண்ணுகிறார்கள். அந்த வழக்கம் வந்தபின் ஒரு துணிகூட உள்ளே தங்கியதில்லை. அண்டை மாவட்டங்களும் அதையே எடுத்துக்கொண்டன. காப்பியும் பத்து மணிக்கே நடக்கிறது.

ஓட்டு முடிந்த அன்றே படிக்கட்டில் தூரே ஹில்லேவியை நிறுத்தினார். “அந்த அறிக்கையில என் பேரும் ஏறணும், ஹில்லேவி. உனக்கு நான் பட்ட கடன் அது. எப்பன்னு சொல்லு, எழுதிக் குடுக்கிறேன்.”

“சொல்றேன்” என்றார் ஹில்லேவி. ஏழு ஆண்டுகள் கழித்து ஓய்வு பெறும்வரை, எப்போது என்று அவர் சொல்லவேயில்லை.