ஜீப்பில் ஏறிய படகு சீட்

கள்ளக்குறிச்சியில் கடல் கிடையாது. இருந்தும் ஒரு படகுக்கு சீட் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் குஷன் கடை வைத்திருப்பவன்; என் தங்கையைப் பரங்கிப்பேட்டையில் ஃபைபர் படகு வைத்திருப்பவருக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

மாப்பிள்ளை படகின் பின்பக்கம் பலகையில் உட்கார்ந்து எஞ்சினைப் பிடிப்பவர். ஒருநாள் அலை தூக்கி அடித்ததில் முதுகு போய்விட்டது. மாதக்கணக்கில் பெல்ட், மாத்திரை. கடைசியில் டாக்டர், குலுக்கல் முதுகுக்கு ஏறாமல் பார்த்துக்கொண்டால் கடலுக்குப் போகலாம் என்றார். மாப்பிள்ளை படகை விற்றுவிடலாம் என்றார். தங்கை ஒப்பவில்லை. வீட்டுக்குச் சோறு போடுவது அந்தப் படகுதான். நல்ல சீட்டாக ஒன்று கொடு, அவர் போவார் என்று, அவரையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

முதுகு வலிக்காரர்கள் எல்லாரும் ஒரு தப்பு செய்வார்கள். கடைக்கு வந்ததும் விரலால் அழுத்திப் பார்த்து, இருப்பதிலேயே மெத்தென்று இருப்பதைக் கேட்பார்கள். அந்த ஸ்பாஞ்ச் வீட்டு சோபாவுக்குச் சரி. வண்டி பள்ளத்தில் விழுந்தால் அது அப்படியே நசுங்கி, அடிப்பலகை நேராக முதுகெலும்பில் இடிக்கும். சீட் கெட்டியாக இருக்க வேண்டும், மெதுவாக இறங்கி மெதுவாக ஏற வேண்டும். இதைச் சொன்னால் எனக்கு வியாபாரம் தெரியாது என்பார்கள்.

மூன்று சீட் ஏற்பாடு செய்தேன். ஒன்று பழைய லாரி டிரைவர் சீட், இன்னொன்று டிராக்டரின் ஸ்பிரிங் சீட். மூன்றாவது நானே செய்தது: அடியில் பைக்கின் ஷாக் அப்சார்பர் இரண்டு, மேலே கெட்டி ஃபோம், தண்ணீர் இறங்காத ரெக்சின். அதைச் செய்து முடித்த அன்று எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

சோதித்துப் பார்க்க அலை வேண்டுமே. கல்வராயன் மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஒன்றை, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் இரவல் வாங்கினேன். பின்னால் சீட்டை முடுக்கி மாப்பிள்ளையை உட்கார வைத்து நான் ஓட்டினேன். மலையேறி, கரியாலூருக்கு அப்பால் மரவள்ளிக் கொல்லைகளுக்குப் போகும் மண்பாதையில் விட்டேன். அதில் போனால் தின்ற சோறு தானாகச் செரித்துவிடும்.

லாரி சீட்டில் அவர் தலை கண்ணாடியில் எழும்பி எழும்பி மறைந்தது. வலிக்கிறது என்றார். நியாயம். டிராக்டர் சீட்டில் பாதிதான் குலுங்கியது. அதற்கும் வலிக்கிறது என்றார். பாதையோரம் நிறுத்தி என் சீட்டை மாட்டினேன். அதே பள்ளங்கள்தான், அவர் தலை அசைந்த மாதிரியே தெரியவில்லை. மறுபடியும் வலிக்கிறது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக இருக்கிறதே மாப்பிள்ளை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஜீப்பை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். பின்னால் போய் போல்ட்டை இன்னும் கொஞ்சம் முடுக்கிவிட்டு, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அதே வலிதான் மச்சான்."

ஜீப் நின்றுகொண்டிருந்தது. அவர் இரண்டு கையாலும் மேல்கம்பியை இறுகப் பிடித்திருந்தார். நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அவரே சொன்னார். அன்றைக்கு அலை அவரைத் தூக்கிக் கடலிலேயே போட்டு, படகு அவருக்கு மேலே போயிருக்கிறது. கூட வந்தவர்கள்தான் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாராம்.

"முதுகு எப்பவோ சரியாப் போச்சு. படகுல கால வெக்கவே பயமா கீது. உங்க தங்கச்சிகிட்ட இன்னான்னு சொல்றது?"

கடலிலேயே வளர்ந்தவர் இதைச் சொல்லக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

திரும்பி வந்தபோது தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். எந்த சீட் என்று கேட்டாள். முடியாது என்று சொல்லி நான் யாரையும் கடையிலிருந்து அனுப்பியதில்லை.

"எனக்குத் தெரிஞ்ச வேல இவ்ளோதாம்மா. அந்தக் கடலுக்கு என்னால சீட்டு செய்ய முடியாது. படக வித்துடுங்க."

விற்றார்கள். மாப்பிள்ளை இப்போது கரையில் ஐஸ் வியாபாரம் செய்கிறார். வீட்டில் ஏதாவது விசேஷம் என்று கூடினால், அண்ணன் மட்டும் ஒரு சீட்டை ஒழுங்காகச் செய்திருந்தால் படகு கையை விட்டுப் போயிருக்காது என்று தங்கை எல்லாரிடமும் சொல்வாள். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். மாப்பிள்ளை தட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். நானும் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டுவேன்.