அல்மைராவின் எதிர்ப்பு

கிறிஸ்து வரப்போகிறார், நேரமில்லை என்பதுதான் மூப்பர் ஆரின் ஹாஸ்கெட்டின் பிரசங்கம். வீட்டிலும் அதேதான். அயோவாவில் எங்கள் அட்வென்டிஸ்ட் சபைகளுக்குப் பதினொரு வருடம் தலைவராக இருந்தார். அதில் சேர்ந்தாற்போல் ஆறு வாரம்கூட மனைவி அல்மைராவின் கையால் சாப்பிட்டதில்லை.

அல்மைராவின் வீடு எங்கள் பண்ணைக்கு அடுத்தது. இரண்டு குழந்தைகளைப் பெற்றுப் புதைத்தவள். இரண்டு முறையும் அவர் எங்கோ கூடாரத்தில் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். குழி வெட்டியது என் கணவர். மூன்றாவது தரித்தபோது, இந்தக் குளிர்காலம் மட்டும் வீட்டில் இருங்கள் என்று கேட்டாள். சரி என்றார். நான் நம்பவில்லை, அவள் நம்பினாள்.

செப்டம்பர் முகாம் கூட்டத்தில், எந்த ஊழியர் எங்கே போவது என்ற பட்டியலைத் தலைவர் வாசிப்பார். கூடாரத்தில் இருக்கிற எல்லோரும் கை தூக்கி ஏற்போம். அந்த வருடக் குளிர்காலத்துக்குத் தூர டகோட்டாவுக்குப் போக ஆள் இல்லை. கடைசி வரியில் தன் பெயரையே வாசித்தார்.

கைகள் எழுந்தன. என் கையும்தான், பழக்கதோஷம். எதிர்ப்பு உண்டா என்று தாளை மடித்துக்கொண்டே கேட்டார். அதற்கு யாரும் கை தூக்கியதில்லை. மூன்றாம் பெஞ்சில் அல்மைரா தூக்கினாள்.

அவர் பார்த்தார். "ஏகமனதா நிறைவேறிச்சு" என்றார். செயலாளர் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம், அல்மைரா எங்களோடு தங்கியிருந்த கூடாரத்துக்கு வந்தார். "மத்தவங்க புருஷனையெல்லாம் அனுப்புறேன் அல்மைரா. என்னை மட்டும் எப்படி விட்டுக்கிறது?" அதில் பொய் இல்லை.

அவள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "போங்க, வேணாங்கல. என் கைய ஏன் எண்ணல?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரியில் பெண் பிறந்தாள். பிள்ளையை ஏந்தியது நான். இந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. ஏப்ரலில் அவர் திரும்பினார், இரண்டு கால்விரலைக் குளிருக்குப் பறிகொடுத்துவிட்டு. வெந்நீர் வைத்தாள், சோளக்கஞ்சி ஊற்றினாள். டகோட்டாவில் பதினேழு பேர் ஞானஸ்நானம் பெற்றதைச் சொன்னார். அவள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

அடுத்த ஓய்வுநாள் காலை, சபைக்கு நாங்கள் வண்டியில் போகும் பாதையோரம் அவள் துணி துவைத்துக் கொடி நிறையக் காயப்போட்டிருந்தாள். வெள்ளி சூரியன் சாய்ந்ததிலிருந்து சனி சூரியன் சாயும்வரை ஊசிகூட எடுக்காத ஜனம் நாங்கள். என் கணவர் குதிரையை நிறுத்தாமல் ஓட்டினார். அதற்கடுத்த ஓய்வுநாளும் துவைத்தாள். மூப்பர் கெஞ்சிப் பார்த்தாராம். ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்துப் பிழியச் சொன்னாளாம்.

தன் வீட்டை நடத்தத் தெரியாதவர் சபையை எப்படி நடத்துவார் என்று கமிட்டி கேட்டது. ஜூனில் பதவி விலகினார். புதிய தலைவர் அவருக்கு எங்கும் ஊழியமும் கொடுக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டிலேயே இருந்தார். அல்மைரா குழந்தையோடு சமையலறையில் படுத்துக்கொண்டாள்.