துண்டு ஊறும் மூன்று நிமிடம்

"இப்ப தும்மிடாதீங்க" என்கிறார் மசுமி. கண்ணை மூடிச் சூடான துண்டு போர்த்தி, நாற்காலியில் மல்லாந்து கிடக்கும் என்னிடம்தான் சொல்கிறார். தாடி மயிர் இளகத் துண்டு மூன்று நிமிடம் ஊற வேண்டும். அந்த மூன்று நிமிடமும் அவருடையது. கோழி சுடும் மூங்கில் குச்சியில் நாட்காட்டித் தாளின் கீற்று ஒன்றைச் சுற்றி, பசை தடவி, ஊதுகிறார். அப்படிச் சுற்றிய குழாய்தான் ராக்கெட்டின் உடம்பு. அசலை இருநூறு பங்காகச் சுருக்கினால் வரும் அளவு, என் ஆள்காட்டி விரல் உயரம்.

உச்சினோரா என்ற எங்கள் கடலோர ஊரில் முடிவெட்டும் கடை நடத்தும் ஃபுகுடோமே மசுமிக்கு ஐம்பத்தைந்து வயது. விரிகுடாவுக்கு அந்தப் பக்கத்து மலையிலிருந்து ராக்கெட் கிளம்பினால் அவர் கடைக் கண்ணாடி அதிரும். இந்த ஊரில் பாதிப் பேர் ராக்கெட்டைப் பற்றிப் பேசுவார்கள். இவர் ஒருவர்தான் உட்கார்ந்து செய்கிறார். தாள் எங்கள் மீனவர் கூட்டுறவு சங்கத்து நாட்காட்டி. வருடம் முடிந்ததும் பழசை நான்தான் கொண்டுவந்து கொடுக்கிறேன். "உங்க சங்கத்துல உருப்படியான ஒரே சரக்கு இதுதான்" என்று வாங்கிக்கொள்வார்.

எங்கள் நாட்டின் முதல் ராக்கெட் ஒரு சாண் நீளம்தான், பென்சில் போல இருந்தது. இருநூற்றில் ஒரு பங்கு என்றால் அதைக் கடுகளவு செய்ய வேண்டும். விடாமல் செய்தார். இரண்டு முறை அதைக் கீழே போட்டு, வாடிக்கையாளர் முடியோடு சேர்த்துப் பெருக்கிவிட்டார். மூன்றாவதை ஒரு கறுப்பு அட்டையில் ஒட்டி மாட்டியிருக்கிறார். யாராவது "அட்டையில ஒண்ணுமே இல்லையே?" என்று கேட்டுவிட்டால் அன்று கிருதா ஒருபக்கம் ஏறித்தான் இருக்கும்.

சட்டைப் பையில் கூர் முனைச் சாமணம் ஒன்று எப்போதும் இருக்கும். கத்தியைக் கேட்டால்கூடக் கொடுப்பார், அதைக் கொடுக்க மாட்டார். கணவர் நோபுஹரு ஒருமுறை விரலில் ஏறிய மீன்முள்ளை எடுக்க அதைத் தொட்டதற்கு இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

போன இலையுதிர் காலத்தில் இங்கிருந்து கிளம்பிய லாம்ப்டா ராக்கெட்டுகள் ஐந்தையும் செய்து முடித்து, கண்ணாடிக்கு மேலே உள்ள பலகையில் வரிசையாக நிறுத்தினார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கதை அது. முதல் நான்கும் வழியிலேயே கெட்டுப்போயின. ஐந்தாவதுதான் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. தருமா என்ற வேண்டுதல் பொம்மையை வாங்கினால் ஒரு கண்ணை எழுதி, நினைத்தது நடந்தபின்தான் மறு கண்ணை எழுதுவோம் அல்லவா? மசுமி அந்த வழக்கத்தை ராக்கெட் மூக்குக்கு மாற்றிக்கொண்டவர். புது ராக்கெட் எதைச் செய்தாலும் அசல் மேலே போய்ச் சேர்ந்த பிறகே கூர்மூக்கை ஒட்டுவார். அதே கணக்கில் ஐந்தாவதற்கு மட்டும் மூக்கு ஒட்டி, மற்ற நான்கின் மூக்கையும் இருமல் மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்துவிட்டார்.

அந்த வாரம் இவாகிரி வந்தார். எழுபத்தாறு வயது. இளவட்டமாக இருந்தபோது ஏவுதளத்தில் கூலிக்குச் சாமான் தூக்கியவர். முப்பது வருஷமாக மசுமியிடம்தான் தலையைக் கொடுக்கிறார். ஒரு கன்னம் மழித்தாயிற்று. கண்ணைத் திறந்தவர் மேலே பார்த்தார்.

"அதுங்க தலை எங்க?"

"டப்பாவுல இருக்கு. அதுங்கதான் போய்ச் சேரலையே, இவாகிரி-சான்."

"போகலைன்னா? மொட்டையாவா கிளம்புச்சு? நாலு தலையையும் என் துண்டாலதான் துடைச்சேன். உப்புக்காத்து படியக் கூடாதுன்னு மூச்சை அடக்கித் துடைச்சேன்."

மறு கன்னத்து நுரையைச் சட்டைக் கையால் வழித்துவிட்டு எழுந்து போய்விட்டார். "பாதி மூஞ்சியோட ஆளை அனுப்புன கடை நம்ம கடைதான்" என்றார் நோபுஹரு. மசுமி சிரிக்கவில்லை.

அதன்பின் இவாகிரி பஸ் ஏறிக் கனோயா டவுனுக்குப் போய் முடிவெட்டிக்கொண்டார். தினமும் நாயோடு கடைவழியே போவார். நாய் பழக்கதோஷத்தில் வாசலில் நிற்கும், அவர் இழுத்துக்கொண்டு போவார். மசுமி டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "ஒட்டுனா, போய்ச் சேர்ந்துச்சுன்னு பொய் சொன்ன மாதிரி ஆயிடுமே" என்றார் என்னிடம். "ஒட்டலைன்னா அந்த மனுசன் முகத்துல எப்படி முழிக்கிறது?" முப்பது வருஷத்துப் பழக்கம் ஒரு அரிசிமுனை அளவுத் தாளால் அறுந்துபோகிறதே என்று எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

எங்கள் சங்க அலுவலகத்தில் ஒரு பழைய புகைப்படம் தொங்குகிறது. அதை மசுமிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஏவுதளத்தில் சாய்ந்து நிற்கும் லாம்ப்டா, பக்கத்தில் கழுத்தில் துண்டோடு ஒல்லியாக ஒரு பையன். அவர் பையனைப் பார்க்கவே இல்லை. மூக்கைத்தான் பார்த்தார், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து.

"நான் செய்யறது கிளம்பறதுக்கு முன்னாடி நின்ன ராக்கெட்டை. அப்புறம் என்னாச்சுங்கறதை இதுல எதுக்குக் கொண்டுவந்தேன்? மடச்சி!"

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் காத்திருக்கும் பெஞ்சில் இருந்தேன். வாசலில் நாய் நின்றது. மசுமி வெளியே போனார்.

"காதோரம் எவனோ கத்தி பிடிக்கப் பழகியிருக்கான். இப்படியே ஊருக்குள்ள நடந்தீங்கன்னா எனக்குத்தான் அவமானம். உள்ள வாங்க."

"வரேன். ஆனா மேல பாக்க மாட்டேன்."

"யாரு பாக்கச் சொன்னா?"

இவாகிரி கண்ணை இறுக மூடிக்கொண்டே சாய்ந்தார். அதன் மேல் சூடான துண்டு விழுந்தது. அந்த மூன்று நிமிடத்தில் மசுமி தாளையும் தொடவில்லை, பசையையும் தொடவில்லை. சும்மா நின்றார். அப்படி நான் அவரைப் பார்த்ததே இல்லை. பிறகு துண்டை எடுத்தார்.

கண் திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பலகையில் ஐந்தும் மூக்கோடு நின்றன. இவாகிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நாலாவதோட மூக்கு சாஞ்சிருக்கு."

சாய்ந்துதான் இருந்தது, தலைமயிர் அளவுக்கு. மசுமி அதை இறக்கி அவர் மடிமேல் நிறுத்தினார். கழுத்தில் கட்டிய மேல்துணிக்கு அடியிலிருந்து கிழவரின் கை வெளியே வர வழி தேடியது. மசுமி துணியின் ஓரத்தைத் தூக்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து சாமணத்தை எடுத்து, காம்புப் பக்கம் அவருக்கு வரும்படி திருப்பி நீட்டினார்.