அண்ணன் கொடுத்த மாவு

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் செல்லம்மா என்றே கூப்பிட்டார்கள். செல்களை வளர்ப்பவள் என்பதால் செல் அம்மா. பெயர் வைத்தது வாசலில் இருக்கும் காவலாளி. முதலில் முறைத்தாள். போகப்போக, சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே மறந்தாள். சின்னத் தட்டுகளில் ஈரல் செல்கள் ஒட்டிக்கொண்டு வளரும். அவற்றுக்கு வேளை தவறாமல் இளஞ்சிவப்பு நிற ஊட்டத் திரவத்தை மாற்றுவாள். விடுமுறை நாளிலும் ஒரு நடை வந்து எட்டிப் பார்ப்பாள். “எங்க வீட்ல நேரத்துக்குச் சாப்பாடு அதுங்களுக்கு மட்டும்தான்,” என்பார் அவள் கணவர்.

அந்த வருஷம் நடந்த ஆய்வு எளிமையானது. தானியத்தில் தங்கும் பூச்சிமருந்து, ஈரத்தில் பிடிக்கும் பூஞ்சை விடும் நஞ்சு, இந்த இரண்டும் சேர்ந்தால் செல் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு தட்டில் மருந்து மட்டும், ஒன்றில் பூஞ்சை நஞ்சு மட்டும், ஒன்றில் இரண்டும். எதுவும் கலக்காத சுத்தமான மாவின் சாறு ஒரு தட்டில். மற்ற மூன்றையும் அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

சுத்தமான மாவு தீர்ந்துபோயிருந்தது. புதிதாகக் கேட்டது வந்து சேரவில்லை. செல்லம்மாவின் அண்ணன் மக்காச்சோளக் கிடங்கு வைத்திருந்தார்; அறுவடை முடிந்ததும் தங்கை வீட்டுக்கு ஒரு மூட்டை அரைத்து அனுப்புவார். அதிலிருந்து ஒரு டப்பா எடுத்து வந்தாள். வீட்டில் தினமும் அந்த மாவில்தான் கஞ்சி. அதைவிடச் சுத்தமானது வேறு எது?

மறுநாள் காலை நுண்ணோக்கியில் கண் வைத்தாள். சுத்தமான மாவுத் தட்டில் செல்கள் அடிப்பரப்பை விட்டு, உருண்டையாகச் சுருங்கி மிதந்துகொண்டிருந்தன. செத்த செல்தான் அப்படி மிதக்கும்.

“கை சுத்தமில்லாம எதையாவது கலந்துட்டியா?” என்று கேட்டார் ஆய்வுத் தலைவி.

“தெரியல மேடம். மறுபடி போடறேன்.”

மறுபடி போட்டாள். மறுபடியும் மிதந்தன. தலைவி மாவைப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதில் பூச்சிமருந்து இருந்தது, அனுமதித்த அளவுக்குள். பூஞ்சை நஞ்சும் இருந்தது, அதுவும் அளவுக்குள். அதே அளவில் தனித்தனியாகக் கொடுத்தபோது செல்கள் அலட்டிக்கொள்ளாமல் வளர்ந்தன. இரண்டையும் சேர்த்த தட்டில் மட்டும் ஒன்றுகூடத் தப்பவில்லை.

“ஒன்னு கையப் பிடிச்சுக்குது, இன்னொன்னு அடிக்குது,” என்றார் தலைவி. “நஞ்சை உடைக்கிற வேலை ஈரலோடது. அதை ஒன்னு முடக்கிடுச்சுன்னா இன்னொன்னுக்குக் கொண்டாட்டம். ஆனா இது தட்டுல நடக்கறது. மனுஷ உடம்புக்கு என்ன ஆகும்னு இதை வச்சுச் சொல்ல முடியாது.”

“நீங்கன்னா சாப்பிடுவீங்களா?”

தலைவி அவளையே பார்த்தார். “தொட மாட்டேன்.”

செல்லம்மா வீட்டுக்குப் போன் போட்டாள். “அந்த மாவைக் கட்டி வெளியில வைங்க. காரணம் அப்புறம் சொல்றேன்.” பிறகு அண்ணனுக்கு. மணி அடித்து அடித்து நின்றது. அண்ணியின் போனுக்கு அடித்தாள்; அவள் எடுத்தாள். “இன்னைக்கு லோடு ஏத்தறாங்க. குழந்தைங்களுக்குக் கஞ்சி மாவு செய்யற கம்பெனிக்குப் போகுதாம். அதான் போனை எடுக்கல.”

கைப்பையை எங்கே வைத்தோம் என்றுகூடத் தேடாமல் பஸ் ஏறினாள்.

கிடங்கு வாசலில் லாரி பாதி நிரம்பியிருந்தது. உள்ளே காலடி வைத்ததுமே மருந்து நெடி மூக்கைப் பிடித்தது. கூரைத் தகட்டின் விரிசலுக்கு நேர் கீழே, சுவரில் கறுப்பாக ஈரம். அங்கே அடுக்கியிருந்த மூட்டையில் விரலை வைத்தாள், பூஞ்சைப் பொடி ஒட்டியது.

“என்னம்மா, சொல்லாம கொள்ளாம?” என்று சிரித்தபடி வந்தார் அண்ணன்.

அவள் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது.

“ரெண்டு பரிசோதனையும் பாஸ். கம்பெனிக்காரன் ஆளு வந்து பாத்துட்டுப் போயிட்டான். நீ தட்டுல எதையோ கொன்னுட்டு வந்து என் பொழப்புல மண்ணைப் போடறியா?”

“தனித்தனியாத்தாண்ணே பாஸ். சேத்து யாரும் பாக்கறதில்ல.”

“யாரும் பாக்காததை நீ மட்டும் ஏம்மா பாக்கற?” சுமை தூக்குகிறவர்கள் கை வேலையை விட்டுத் திரும்பினார்கள். “நிக்காதீங்க, ஏத்துங்க.”

கூடப் பிறந்தவரிடம் அவள் இதற்கு முன் குரல் உயர்த்தியதே கிடையாது. இப்போதும் உயர்த்தவில்லை.

“சரிண்ணே. எங்க வீட்டுக்கு அனுப்பின மாதிரி வேற யாருக்காவது அனுப்பினீங்களா?”

அண்ணனுடைய மகள் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி.

லாரியில் மேலும் ஒரு மூட்டை விழுந்தது. இன்னொன்று. அவர் சட்டைப்பையைத் துழாவிப் போனை எடுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“அம்மாடி, அப்பா பேசறேன். அந்த மாவு இருக்குல்ல... இல்ல, கெட்டுப்போகல. சும்மா, வேண்டாம். கொட்டிடு. சாப்பிட்டியா? எத்தனை நாளா?”

எதிர்முனை என்ன சொன்னதோ, போனை வைத்த பிறகும் அவர் சுவரைப் பார்த்தபடியே நின்றார். மகளுக்கு வேண்டாம் என்றதை எவள் பிள்ளைக்கு ஏற்றுவது? அதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இறக்குங்கப்பா,” என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். “எல்லாத்தையும்.”

சரக்கு முழுவதும் குழி தோண்டிப் புதைக்கப்பட்டது. கம்பெனி கோபித்துக்கொண்டு வேறு இடத்தில் வாங்கியது; அந்தச் சரக்கில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்களா என்று செல்லம்மாவுக்குத் தெரியாது. அண்ணன் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது, நன்றாகவே இருந்தது. மாவு ஒன்றும் செய்யவில்லையா, செய்யும் முன்னே நிறுத்திவிட்டார்களா என்று செல்லம்மாவைக் கேட்டால், தெரியாது என்பாள். அண்ணன் அவளோடு பேசவில்லை. குழந்தையைப் பார்க்கப் போன நாளில்கூட, அவள் வந்ததும் அடுத்த அறைக்கு எழுந்துபோனார். கூரையை மட்டும் மாற்றிவிட்டார் என்று அண்ணி காதோடு சொன்னாள்.

அடுத்த அறுவடை முடிந்த வாரம், ஆய்வுக்கூட வாசலில் ஒரு சின்னப் பொட்டலம் கிடந்தது. காவலாளி கொண்டுவந்து கொடுத்தார். மக்காச்சோளம், மேலே ஒன்றும் எழுதவில்லை. தலைவியிடம் அனுமதி கேட்டு அன்றே தட்டு போட்டாள்.

சாயங்காலம் போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை, பேர் சொல்லவில்லை.

“ரெண்டையும் சேத்துப் பாக்கறியா?”

“பாக்கறேண்ணே. நாளைக்குக் காலைல தெரியும்.”

“ம்,” என்று வைத்துவிட்டார்.