குளிருக்குள்ளே ஒரு புழுக்கம்

இன்று மல்லாங்கிணற்றில் நான் ஏற வேண்டிய காரியாபட்டி பஸ் கண் முன்னாலேயே போய்விட்டது. அது போனதால்தான் எனக்கு பால்சாமி அண்ணன் கிடைத்தார். ஒரு கொய்யாப்பழ லாரி ஓட்டுபவரின் கதையைக் கேட்டு இப்படி மனசு நிறையும் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

டீக்கடைக்கு எதிரே, வேப்பமர நிழலில் வெள்ளைப் பெட்டி வைத்த குளிர்சாதன லாரி ஒன்று நின்றது. பின்கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, மூக்கை உள்ளே விட்டபடி ஒருவர் நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, நல்ல உயரம். நாய் மோப்பம் பிடிப்பது மாதிரி இழுத்து இழுத்து மூச்சு விட்டார். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்னண்ணே மோந்து பாக்குறீக?"

"மூச்சு விடுதான்னு பாக்குறேன் தாயி."

"யாரு?"

"கொய்யாப்பழம்."

டீ மாஸ்டர் கடைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "கேட்டுப்புட்டியா? இனி நீ அடுத்த பஸ்ஸையும் விட்டுருவ, பாத்துக்கோ!" அவர் சொன்னபடியே ஆனது.

பால்சாமி அண்ணனுக்குத் திருச்சுழிப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். இவர் இருபது வயதில் கிணறு தூர் வாரப் போனார். இந்தக் கரிசல் காட்டில் மழை பொய்த்த வருசமெல்லாம் அந்த வேலைக்குக் கிராக்கி. வருசக்கணக்காக மூடிக் கிடந்த கிணற்றில் யாரும் சட்டென்று இறங்கிவிட மாட்டார்கள். முதலில் கயிற்றில் கட்டிய அரிக்கேன் விளக்கை இறக்குவார்கள். பாதியில் சுடர் அணைந்தால் கீழே கெட்ட காற்று நிற்கிறது என்று அர்த்தம். வேப்பங்கொப்பைக் கட்டி இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் காற்றைக் கலைத்துவிட்டுத்தான் ஆள் இறங்க வேண்டும்.

"ஒரு தடவ அவசரப்பட்டு எறங்கிட்டேன். தலை கிறுகிறுங்குது, கெண்டைக்கால் ரெண்டும் துணி மாதிரி தொவளுது. மேல இருந்தவுக கயித்த இழுத்துத் தூக்கிட்டாக. அன்னைக்கே அந்தத் தொழிலுக்குக் கும்பிடு போட்டுட்டேன்."

"வருத்தமா இல்லையாண்ணே?"

"எதுக்கு வருத்தம்? போர்வெல் போட்டு அந்த வேலையவே இல்லாம ஆக்குன மகராசன் நல்லா இருக்கட்டும்!"

அதன்பிறகு லைசென்ஸ் எடுத்து, பருத்தி, மல்லி, சிமெண்டு என்று என்னென்னவோ லோடு அடித்துவிட்டு, இரண்டு வருசத்துக்கு முன்னால் இந்தக் குளிர் லாரிக்கு வந்தார். லாரி முதலாளி பெயர் நவநீதகிருஷ்ணன். சுற்று வட்டார விவசாயிகள் சேர்ந்து நடத்தும் பழச் சங்கத்துக்காக, வாரம் இரண்டு முறை கொச்சிக்குக் கொய்யா போகும். செங்கோட்டை வழியாக மலை இறங்கிப் போக வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆயுத பூசைக்குப் பிறகு அந்த லோடு போகும் வரை. கொச்சி வியாபாரி பெட்டியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். பழம் பார்க்கப் பச்சையாக, பளபளவென்று இருந்தது. ஆனால் கடித்தால் கள் வாடை. முழு லோடும் வேண்டாம் என்றுவிட்டார். இன்னொரு தடவை இப்படி வந்தால் மல்லாங்கிணற்றுக் கொய்யாவே தேவையில்லை என்றும் சொன்னார்.

பழி நேராக டிரைவர் மேல் விழுந்தது. இந்தத் தொழிலில் டிரைவரைச் சந்தேகப்பட ஒரே ஒரு காரணம்தான் முதலில் தோன்றுமாம். வழியில் குளிர் மெஷினை அணைத்துவிட்டு டீசலை மிச்சம் பிடித்து விற்பது. நவநீதகிருஷ்ணன் இதே டீக்கடையில், பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

"ஏலே பால்சாமி, ஏசிய அமத்திப்புட்டு டீசல எங்க வித்த?"

இதைச் சொல்லும்போது மட்டும் பால்சாமி அண்ணன் குரல் கொஞ்சம் இறங்கியது. "அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் தாயி. என் ரெண்டு பிள்ளைகளும் இந்தப் பஸ் ஸ்டாப்புல எறங்கித்தான் ஸ்கூலுக்குப் போகுதுக."

மெஷின் ஒரு நிமிசம்கூட நிற்கவில்லை என்று அவருக்குத் தெரியும். பழம் ஏன் கெட்டது என்று தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. கொச்சியில் லோடு இறக்கப் பெட்டிக்குள் ஏறியபோது தலை கிறுகிறுத்தது. கெண்டைக்கால் துவண்டது. முப்பது வருசத்துக்கு முந்தின அதே துவளல்! "பெட்டிக்குள்ள புழுக்கமா இருந்துச்சு" என்று வந்து சொன்னார். கடையே சிரித்தது. ஐஸ் பெட்டிக்குள் யாருக்கையா புழுங்கும்?

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கினார். ரேணுகாதேவி. அருப்புக்கோட்டைக்காரர், சங்கத்தில் பழத்தின் தரம் பார்க்கிறவர். எங்கள் பேச்சு எதைப் பற்றி என்று காதில் விழுந்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"விளக்குக் கதைய சொல்லிட்டாரா?"

"அங்கதான் வாரேன், கெடுத்துராத தாயி!"

அடுத்த லோடு ஏற்றிய அன்று நடந்தது அது. லாரியை எடுக்க மாட்டேன் என்று பால்சாமி அண்ணன் அடம்பிடித்தார். உள்ளே கெட்ட காற்று நிற்கிறது, நிரூபிக்கிறேன் பாருங்கள் என்று, லாரியில் சாமி படத்துக்கு ஏற்றும் அகல் விளக்கை எடுத்தார். பற்றவைத்தார். பெட்டிக்குள் தரையில் வைத்துக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால், விளக்கு அணைந்து கிடந்தது.

"பாத்தீகளா! பாத்தீகளா!" என்று இவர் துள்ளியிருக்கிறார்.

ரேணுகாதேவி அவர் காதருகே போய் மெதுவாகச் சொன்னாராம். "அண்ணே, உள்ள இத்தாத்தண்டி ஃபேன் ஓடுது. உங்க வீட்டு ஃபேனுக்கு அடியில வெளக்கு வச்சா நிக்குமா?"

டீ மாஸ்டர் இந்த இடத்தில் அடுப்பை விட்டு வெளியே வந்து சிரித்துவிட்டுப் போனார். பால்சாமி அண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

ஆனால் ரேணுகாதேவி சிரித்ததோடு விடவில்லை. இந்த மனுசன் இவ்வளவு அடம்பிடிக்கிறாரே, சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்று, சரக்கு வைக்கும் சங்கத்துக் கிட்டங்கியில் இருந்த கார்பன் டை ஆக்சைடு மீட்டரைக் கொண்டு வந்து உள்ளே வைத்தார். எண் வெளியே செல்போனில் தெரியும். கதவை மூடிவிட்டு எல்லோரும் டீ குடித்தார்கள். எண் ஏறியது. பேப்பர் படித்தார்கள். இன்னும் ஏறியது. வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பத்து மடங்கைத் தாண்டி, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ரேணுகாதேவி வீட்டில் பேசும் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தபடி எழுந்தேவிட்டாராம்.

பறித்த பிறகும் பழம் உயிரோடுதான் இருக்கிறது. நம்மைப் போலவே மூச்சு விடுகிறது. அந்த மூச்சு வெளியேற வழியில்லை என்றால், பழம் தன் மூச்சிலேயே மூச்சுத் திணறி, உள்ளுக்குள் புளித்துவிடும். அதற்காகத்தான் இந்த மாதிரி லாரிகளில் பெட்டியின் முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்று மூடி இருக்கிறது. திருகினால் திறக்கும். பழைய காற்று கொஞ்சம் போகும், புதுக் காற்று கொஞ்சம் வரும்.

"மூடி எங்கண்ணே?" என்று ரேணுகாதேவி கேட்டார்.

பால்சாமி அண்ணன் முன்பக்கம் ஏறிப் பார்த்தார். மூடி இருக்க வேண்டிய இடத்தில், நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு திருஷ்டி பூதம் முறைத்தது! பெரிய ஸ்டிக்கர்.

நவநீதகிருஷ்ணன் அங்கேதான் நின்றிருந்தார். அவருடைய முகம் போன போக்கை டீ மாஸ்டர் எனக்கு நடித்தே காட்டினார்.

"ஆயுத பூசைக்கு வண்டி கழுவையில பாத்தேன்... ஓட்டை தெறந்து கெடந்துச்சு. குளிரு பூராம் வீணாப் போகுதேன்னு நான்தான் திருகி மூடி... அதுமேல பூதத்த ஒட்டுனேன்."

பால்சாமி அண்ணன் பூதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம். "மொதலாளி, கண்ணு படாம இருக்கத்தான் பூதம். மூச்சே படாமப் பண்ணிப்புட்டீகளே!"

ஸ்டிக்கரைக் கிழித்து மூடியைத் திறந்தார்கள். எண் இறங்க ஆரம்பித்தது. அதோடு விடாமல், தரையில் தண்ணீர் வடியும் துளையையும் திறக்கச் சொன்னார் பால்சாமி அண்ணன். கெட்ட காற்று கீழேதான் தங்கும் என்பது கிணற்றில் அவர் கண்டது. ஃபேன் ஓடும் பெட்டியில் அது எல்லாப் பக்கமும் கலந்துதான் இருக்கும் என்று ரேணுகாதேவி சொன்னார். அந்த விவாதம் இன்றும் என் முன்னால் நடந்தது!

அந்த லோடு கொச்சி போய்ச் சேரும்வரை பால்சாமி அண்ணன் மனைவி வெள்ளைத்தாய் மூன்று முறை போன் பண்ணினாராம். பழம் எப்படி இருக்கிறது என்றுதான் ஒவ்வொரு முறையும் கேட்டார். வியாபாரி பெட்டியைத் திறந்தார், மோந்தார், ஒரு பழத்தை எடுத்துக் கடித்தார். பாதியில் நிறுத்தாமல் முழுப் பழத்தையும் தின்றுவிட்டுத்தான் லோடை இறக்கச் சொன்னார்.

ஊர் திரும்பிய பால்சாமி அண்ணன் முதலாளியிடம் கேட்டது ஒன்றுதான். "எந்த டீக்கடையில வச்சு என்னையச் சொன்னீகளோ, அங்கேயே வந்து சொல்லணும்."

நவநீதகிருஷ்ணன் வந்தார். காலை நேரம், கடை நிறையக் கூட்டம், ஸ்கூலுக்குப் போகும் பிள்ளைகளும் நிற்கிறார்கள். "பால்சாமி டீசல் விக்கல. பழத்தக் கெடுத்தது நான்தான். எல்லாரும் கேட்டுக்கங்கப்பா" என்று சத்தமாகச் சொன்னார். பால்சாமி அண்ணனின் சின்ன மகள் ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை என்னிடம் சொன்னதும் டீ மாஸ்டர்தான். அவர் அதைச் சொல்லும்போது பால்சாமி அண்ணன் வேண்டுமென்றே லாரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது மீட்டர் எண் அவர் சீட்டுக்கு முன்னாலேயே தெரிகிறது. ஏறினால் மூடியைக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கிறார். வழியில் குமாரலிங்கபுரம் பக்கம் புழுதி கிளம்பினால் குறைத்துவிட்டு, தாண்டியதும் மறுபடி திறக்கிறார். மூக்கால் மோந்து பார்ப்பதை மட்டும் விடவில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ காய்கறி, பழம் ஏற்றும் குளிர் லாரி ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால், இதை அவர்களுக்கு அனுப்புங்கள். அவர்களுடைய முதலாளிக்கு மறக்காமல் அனுப்புங்கள். லோடு கெட்டுப்போனால் டிரைவரைக் கேட்பதற்கு முன்னால், ஒரு தடவை ஏறி அந்த மூடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.