கொலுவுக்கு வந்தவள்

ஜட்ஜ் பெண்டாட்டி என்றால் பட்டுப்புடவையும் டவாலிச் சேவகனும் என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் என்னோடு இருந்து பார்த்திருக்க வேண்டும். நாட்டுக்கு விடுதலை வந்த வருஷம் இவர் முன்சீப். பத்து வருஷத்தில் ஜில்லா முழுவதற்கும் தலைமை நீதிபதி ஆனார். அவருக்குப் பதவி உயர உயர எனக்குப் போக்கிடம் குறைந்தது. கல்யாணங்களுக்குப் போகக் கூடாது. யார் கொடுத்தாலும் ஒரு எலுமிச்சம்பழம்கூட வாங்கக் கூடாது. மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தால், யாரிடம் பேசினாய் என்று வீட்டிலேயே விசாரணை நடக்கும். எரிச்சலாக வரும்.

நவராத்திரி ஒன்பது நாள் மட்டும் அவர் சட்டம் செல்லாது. கொலு வைத்த வீட்டில், வருகிற சுமங்கலியை வாசலில் நிறுத்தி நீ யார் என்று கேட்க முடியுமா?

ஒரு வருஷம் தசரா விடுமுறை முடிந்து கோர்ட் திறக்கும் அன்று ஒரு கொலை வழக்கில் தீர்ப்பு. மில் மேஸ்திரியைக் கொன்றதாக ஒரு தொழிலாளி மேல் குற்றம். விடுமுறை முழுக்க இவர் அறையைச் சாத்திக்கொண்டு தன் கையாலேயே எழுதினார். டைப்பிஸ்டைக்கூட நம்பவில்லை. என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வீடு இரண்டாகிவிடும்.

சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். சாயம் போன சேலை, முகம் நிறைய மஞ்சள். பாடச் சொன்னேன், தெரியாது என்றாள். குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கு தேங்காயை நீட்டினேன். தடாலென்று காலில் விழுந்தாள். பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தீர்க்க சுமங்கலியா இரும்மா."

எழுந்தவள் தாம்பூலத்தை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகு எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாள் என் காதோடு சொன்னாள்.

"அவ அந்த மில் கேஸ்காரனோட ஹெண்டதி ரீ."

ஜெயிலில் இருப்பவனின் மனைவி. வீடு ஸ்ரீராம்புரத்தில். எதிர்வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்குத் தங்கையாம்.

சொல்வதா வேண்டாமா என்று தவியாய்த் தவித்தேன். சொன்னால் பூகம்பம்தான். சொல்லாவிட்டாலும் எதிர்வீட்டு வாய் சும்மா இருக்காது. பிறத்தியார் சொல்லி இவர் கேட்டால் என் முகத்திலேயே முழிக்க மாட்டார். அங்கே ஒருவன் கழுத்து, இங்கே இவர் பேர். கோர்ட் திறக்கும் நாள் காலையில் காபியை வைத்தபடி சொல்லிவிட்டேன்.

"என்ன கேட்டா?"

"ஒண்ணும் கேக்கலை. நமஸ்காரம் பண்ணினா."

"நீ என்ன சொன்னே?"

அதையும் சொன்னேன். கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் தேவலை. காபியைத் தொடாமல் அறைக்குப் போய் ஹைகோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த வழக்கில் தாம் தீர்ப்புச் சொல்வது முறையல்ல, வேறு நீதிபதிக்கு மாற்ற வேண்டும் என்று.

மாற்றினார்கள். அடுத்து வந்தவர் அதே சாட்சியங்களைப் படித்துவிட்டுத் தூக்கு விதித்தார். ஹைகோர்ட்டும் உறுதிசெய்தது. கருணை மனுவும் தள்ளுபடியானது. தூக்கில் போட்ட செய்தி பேப்பரில் வந்த அன்று சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். ஆனாலும் மனசுக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். இவரும் தூக்கு என்றுதான் எழுதியிருப்பார், என் வாக்கைத் தன் வாயால் பொய்யாக்க வேண்டாமென்று ஒதுங்கிக்கொண்டார், பாவம், எனக்காகச் செய்தார் என்று. அந்த நினைப்பில் பல வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அறுபதுகளில் இவர் ரிடையர் ஆனபோது வக்கீல்கள் விருந்து கொடுத்தார்கள். மூத்த வக்கீல் ஒருவர் எழுந்து, சம்சாரம் வெற்றிலை பாக்கு கொடுத்துவிட்டாள் என்பதற்காகக் கொலைக் கேஸையே விட்டு விலகிய மனுஷர் இவர் என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. நானும் தட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லுவானேன்.

திரும்பி வரும்போது காரில் இவர் கழுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பழைய சம்பங்கி ஏரிப் பக்கம் வரும்போது வாயைத் திறந்தார்.

"நான் விடுதலைன்னு எழுதி வச்சிருந்தேன்."

எந்தக் கேஸ் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் புரிந்துவிட்டது. நேரில் பார்த்ததாகச் சொன்ன சாட்சி அன்று மில்லிலேயே இல்லையாம். அது ஒன்று போதும், அவனை விட்டிருக்கலாமாம். ஆனால் விடுதலை என்று வாசித்திருந்தால், ஜட்ஜ் பெண்டாட்டி கொலுவிலேயே பேசி முடித்துவிட்டாள் என்று ஊர் சொல்லியிருக்குமாம். தூக்கு என்று எழுதியிருந்தால் கூசாமல் போய் வாசித்திருப்பாராம். இவ்வளவையும் கோர்ட்டில் படிக்கிற குரலிலேயே சொன்னார்.

அந்தப் பெண்ணின் மஞ்சள் முகம் கண்முன் வந்து நின்றது.

"அப்ப உங்க பேருக்காகவா?"

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்னால் டிரைவர் இருக்கிறானே என்றுகூடப் பார்க்காமல் உரக்க இன்னொரு தரம் கேட்டேன்.

"ஆமாம்," என்றார்.